விரல் மடங்கிப் போச்சு, எங்க போறது? குறிஞ்சிப்பாடியிலேர்ந்து ஜிப்மர், ஸ்டான்லி, வேலூர், கோயம்புத்தூர் ஒரு அலசல்

வடலூர் தைப்பூசத்துக்கு ஜோதி பாக்கப் போனப்பதான் நான் முதல்ல கவனிச்சேன். திரை விலகுது, கூட்டமே கைய கூப்புது, எங்கப்பாவும் கூப்புறாரு, ஆனா ரெண்டு உள்ளங்கையும் ஒட்டல. வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமா மடங்கி, நடுவுல ஒரு எலுமிச்சம்பழம் வச்ச மாதிரி சந்து. கேட்டா, "ரெண்டு வருஷமா அப்படித்தான்டா இருக்கு, வலிக்கல, விடு"ன்றாரு. மனுஷன் நாப்பது வருஷமா கைலி நெய்யறவரு, பாவுல இழை அறுந்தா முடி போட முடியாம அம்மாவ கூப்ட்டுட்டு இருந்திருக்காரு, மூஞ்சி கழுவுறப்போ சுண்டு விரல் கண்ணுல குத்துதுன்னு இடது கையாலயே கழுவிருக்காரு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம். சுகர் இருக்கு, நரம்பு சுருங்கிடுச்சுன்னு சொல்லி மாத்திரையும் இருபது நாள் மெழுகு ஒத்தடமும் குடுத்தாங்க. நடுவுல பெரியப்பா ஒருத்தர் எண்ணெய் கட்டு போட கூட்டிட்டுப் போனாரு. எதுக்கும் விரல் நிமிரல, பணம் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் பேரு தெரிஞ்சுது, டுபுய்ட்ரன் கான்ட்ராக்சர். 1831ல இதுக்கு ஆபரேஷன் பண்ணிக் காட்டின பிரெஞ்சு டாக்டர் டுபுய்ட்ரனோட பேரு. நரம்பும் இல்ல தசைநாரும் இல்ல, உள்ளங்கை தோலுக்கு அடியில இருக்கற சவ்வு தடிச்சு கயிறு மாதிரி ஆகி விரல உள்ள இழுக்குது. நீவினாலும் இழுத்தாலும் அது நீளாது. ஐரோப்பாவுல வடக்குப் பக்கம் நிறைய பேருக்கு வர்ற வியாதி, நம்ம பக்கம் கம்மி, அதனால ஊர்ல இருக்கற டாக்டர் இத அடிக்கடி பாத்திருக்க வாய்ப்பில்ல, அவர மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல.

வீட்லயே ஒரு சோதனை இருக்கு, உள்ளங்கைய கவுத்து மேஜை மேல வையுங்க, முழுசா படிஞ்சா அவசரம் இல்ல, அடியில சந்து தெரிஞ்சா கைக்குன்னு இருக்கற டாக்டர பாக்கற நேரம் வந்துடுச்சு. அடி மூட்டு 30 டிகிரிக்கு மேல மடங்கினாலோ, நடு மூட்டு கொஞ்சம் மடங்கினாலே கூடவோ, சிகிச்சை பத்தி பேச ஆரம்பிப்பாங்க. நடு மூட்டுதான் வில்லன், ரொம்ப நாள் விட்டா மூட்டே இறுகிடும், அப்புறம் கயிற அறுத்தாலும் முழுசா நிமிராது.

சரி, எங்க போறதுன்னு வீட்ல நாலு பேர் நாலு ஊர் சொன்னாங்க. மச்சான் கோயம்புத்தூர், சித்தப்பா வேலூர், நான் ஸ்டான்லி, அம்மா மட்டும் "பாண்டிக்கே போலாமே, சாயங்காலம் வந்துடலாம்"னு சொன்னாங்க. அம்மா சொன்னத யாரும் காதுல வாங்கல, அது எங்க வீட்டு வழக்கம்.

கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி பேர் கையில அடிபட்டவன் எல்லாருக்கும் தெரியும், டாக்டர் ராஜ சபாபதி, கை அறுவைக்கு வெளிநாட்லேர்ந்து டாக்டர்ங்க வந்து கத்துக்கிட்டுப் போற இடம். திறமைல சந்தேகமே வேணாம். ஆனா இங்கேர்ந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸு, தனியார் செலவு, ரூம் வாடகை, கூட ஒரு ஆளு. துண்டான விரல ஒட்டணும், நசுங்கின கைய மீட்கணும்னா நான் யோசிக்காம அங்கதான் சொல்வேன், மெதுவா மடங்கற விரலுக்கு இது கொஞ்சம் அதிகம்.

வேலூர் சி.எம்.சி.க்கு கை விஷயத்துல தனி வரலாறே இருக்கு. பால் பிராண்ட் 1946ல அங்க வந்து, தொழுநோயால மடங்கிப்போன கைகளுக்கு தசைநார மாத்தி வச்சு விரல நிமித்தினாரு. டாக்டரும் ஸ்ப்ளின்ட் (விரல நேரா பிடிச்சு வைக்கற பட்டை) செய்யறவங்களும் பயிற்சி குடுக்கறவங்களும் சேந்து வேலை செய்யற பழக்கம் அங்க இருக்கு, கைக்கு அது ரொம்ப முக்கியம். திருவண்ணாமலை வழியா அஞ்சு மணி நேரம் ஆகும், முன்கூட்டியே பதிவு பண்ணணும், 2022லேர்ந்து ராணிப்பேட்டையிலயும் ஒரு பெரிய கேம்பஸ் இருக்கறதால சீட்டுல எந்த இடம்னு போட்டிருக்குன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க, இல்லன்னா டவுன்ல இறங்கி முழிக்க வேண்டியதுதான்.

சென்னை ஸ்டான்லி என்னோட சாய்ஸா இருந்துது. அரசு ஆஸ்பத்திரி, கைக்குன்னே தனி துறை, டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கினது, அங்க பாக்கற கேஸ் அளவுக்கு வேற எங்க பாக்கப் போறாங்கன்னு கேட்டேன். அதுல தப்பில்ல. ஆனா பஸ்ஸு இப்ப கிளாம்பாக்கத்தோட நின்னுடுது, அங்கேர்ந்து வண்டலூர் வந்து லோக்கல் ட்ரெயின்ல பீச் வரைக்கும் போய், அப்புறம் ராயபுரம் பக்கம் ஆட்டோ. ஊர்லேர்ந்து கிளாம்பாக்கம் வர்றது ஒரு பயணம்னா அங்கேர்ந்து ஸ்டான்லி போறது இன்னொரு பயணம். காலைல ஓபி சீட்டு வாங்கணும்னா முந்தின நாளே கிளம்பணும்.

அம்மா சொன்ன பாண்டின்னா ஜிப்மர், மத்திய அரசோட ஆஸ்பத்திரி, கோரிமேடு, கடலூர்ல பஸ் மாறினா வீட்லேர்ந்து ரெண்டரை மணி நேரம். எலும்பு பிரிவும் இருக்கு பிளாஸ்டிக் சர்ஜரியும் இருக்கு. கூட்டம்னா கூட்டம், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சிதம்பரம் எல்லாம் அங்கதான் நிக்குது, விடியறதுக்கு முன்னாடியே வரிசை. ஆபரேஷனுக்கு தேதி கிடைக்கவும் காத்திருக்கணும்.

இந்த நாலையும் எத வச்சு எடை போடறது? நாங்க பண்ண தப்பு, பெரிய டாக்டர் யாரு, எவ்ளோ சீக்கிரம் தேதின்னு மட்டும் பாத்தோம். ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தன தடவை திரும்ப வரணும்னு யாரும் கேக்கல. கத்தி வைக்கறது ஒரு நாள். கட்டு பிரிச்சுப் பாக்கணும், பத்து பதினாலு நாள்ல தையல் எடுக்கணும், ஸ்ப்ளின்ட் செய்யணும், வீக்கம் வத்தினதும் அத திரும்ப சரி பண்ணணும், விரல மடக்கி நீட்டப் பழக்கணும், வாரக்கணக்குல ஓடும். கையில கட்டோட, சுகர் மாத்திரை போட்டுட்டு, அறுபத்தாறு வயசு ஆளு கோயம்புத்தூருக்கு ஆறு தடவை போவாரா? ரெண்டாவது தடவையே "எல்லாம் சரியாயிடுச்சு"ன்னு சொல்லிடுவாரு, எனக்குத் தெரியாதா எங்கப்பாவ.

இதுக்குள்ளயே இன்னொரு ஒப்பீடு இருக்கு, ஊசியா கத்தியான்னு. ஊசி முறையில மரத்துப்போற மருந்து குடுத்து, ஊசி முனையாலயே அந்தக் கயிற அங்கங்க குத்தி அறுத்து விரல நிமித்துவாங்க. தையல் இல்ல, அன்னைக்கே வீடு, சில நாள்ல வேலை. தூரத்துல இருக்கறவனுக்கு இதுதானே லாபம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா நெதர்லாந்துல ரெண்டையும் ஒப்பிட்டு 2012ல வந்த ஒரு ஆய்வுல, அஞ்சு வருஷத்துல ஊசி முறைல 100க்கு 85 பேருக்கு திரும்ப வந்துடுச்சு, கத்தியால திறந்து சவ்வ எடுத்தவங்கள்ல 21 பேருக்குத்தான். அப்ப ஊசின்னா பயணம் மிச்சம் ஆகல, தவணையில போறோம். அடி மூட்டு மட்டும் மடங்கியிருந்தா, வயசானவரா இருந்தா, பெரிய ஆபரேஷன் உடம்பு தாங்காதுன்னா ஊசி நல்ல வழி. அப்பாவுக்கு நடு மூட்டுலயும் பிடிச்சுடுச்சு, அதனால திறந்துதான் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு. கயிற கரைக்கற என்சைம் ஊசி ஒண்ணும் இருக்கு, 2010ல அமெரிக்காவுல அனுமதி ஆனது, ஆனா ஐரோப்பாவுல 2020ல கம்பெனியே நிறுத்திக்கிச்சு, எங்ககிட்ட யாரும் அத பத்தி பேசல.

கடைசில அம்மா சொன்ன பாண்டிதான். இது மெதுவா வளர்ற வியாதி, தேதிக்கு ரெண்டு மூணு மாசம் காத்திருந்தா பெருசா கெட்டுடாது, ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு வாரம் போகாம இருந்தா கெட்டுடும். ஸ்டான்லிக்காக நான் போட்ட சண்டையெல்லாம் வேஸ்ட்டு. ஒண்ணு மட்டும் முன்னாடியே பேசிக்கிட்டோம், கட்டு மாத்தறத ஊர்லயே பண்ணிக்கலாமான்னு கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வாங்கிட்டோம், பயிற்சி சொல்லிக் குடுத்தப்போ அவங்ககிட்ட கேட்டுட்டு போன்ல வீடியோ எடுத்துக்கிட்டோம், கடலூர்ல ஒரு பிசியோ தம்பி அத பாத்து அப்படியே பண்ணி விட்டாரு. பாண்டிக்குப் போனது மொத்தம் அஞ்சு தடவைதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கறவங்க, அட்டை இங்க எடுபடுமான்னு சேர்றதுக்கு முன்னாடியே கவுன்ட்டர்ல கேட்டுடுங்க, பாண்டி நமக்கு பக்கத்து ஊருதான்னாலும் வேற அரசு.

எல்லா விரலுக்கும் இதே கணக்கு போடாதீங்க. கடாம்புலியூர்ல முந்திரி உடைக்கற எங்க அத்தைக்கு காலைல கட்டை விரல் மடங்கி, நிமித்தறப்போ டக்குனு சத்தம் வரும், அது டிரிக்கர் ஃபிங்கர், சுகர் இருக்கறவங்களுக்கு அதிகம் வர்றது. அதுக்கு ஸ்டீராய்டு ஊசியோ, மரத்துப்போக வச்சு பண்ற சின்ன ஆபரேஷனோ போதும், கடலூர்ல நல்ல எலும்பு டாக்டர்கிட்டயே முடிஞ்சுடும், ஊசி போட்ட பிறகு சில நாள் சுகர் ஏறும், அத மட்டும் பாத்துக்கணும். இதுக்குப் போய் வேலூருக்கு டிக்கெட் போட்டா டிக்கெட் காசுதான் நஷ்டம்.

கரும்பு ஜூஸ் மெஷின்ல கை மாட்டுச்சு, அரிவாள் விரல்ல இறங்கிடுச்சுன்னா மொத்தக் கணக்கும் தலைகீழ். அப்ப திரும்ப வர்ற தடவையெல்லாம் எண்ணக் கூடாது, நேரம்தான் கணக்கு, 108க்கு கூப்ட்டு கை மைக்ரோ சர்ஜரி பண்ற இடம் எதுவோ அங்க. துண்டான விரல ஈரத் துணில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி, அந்தக் கவர ஐஸ் மேல வைக்கணும், விரல நேரா ஐஸ்ல போடக் கூடாது.

அப்பாவுக்கு இப்ப மோதிர விரல் முழுசா நிமிந்துடுச்சு, சுண்டு விரல்ல கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்கு, அவ்ளோதான் வரும்னு முன்னாடியே சொன்னாங்க. ராத்திரிக்கு ஸ்ப்ளின்ட் போடணும், வெயில் காலத்துல வேர்த்து பட்டை தோல உரசுதுன்னு ரெண்டு நாள் கழட்டி கட்டில் அடியில ஒளிச்சு வச்சுட்டாரு. அம்மா அவரு நெய்த கைலியிலேர்ந்தே ஒரு துண்டு கிழிச்சு உள்பக்கம் வச்சு தச்சுக் குடுத்தாங்க, இப்ப சத்தமில்லாம மாட்டிக்கறாரு.