டேஃப் கல்லூரிப் பணம்: ஆணையம் வழியாகவா, அமைச்சகம் நேரடியாகவா?

ஆஸ்திரேலியாவில் அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளை டேஃப் என்பார்கள். நடத்துவது மாநிலங்கள், செலவில் பெரும்பங்கும் அவர்களுடையதுதான். மத்திய அரசு தரும் பணத்தை யார் கையாள்வது என்பதில்தான் தகராறு.

1992 சட்டத்தால் வந்த ஆன்டா என்ற தேசியப் பயிற்சி ஆணையம் ஒரு வழி. தொழில்துறையினர் குழு, அதற்கு மேலே மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து உட்காரும் மன்றம். கூடிப் பேசி ஒத்துப்போக நாள் பிடிக்கும், சரி. ஆனால் மாநிலங்களுக்கும் அங்கே ஓட்டு இருந்தது.

2005 ஜூலை 1 அன்று பிரதமர் ஜான் ஹோவர்டின் மத்திய அரசு அதைக் கலைத்துவிட்டு, பொறுப்பைத் தன் கல்வித் துறைக்கே மாற்றிக்கொண்டது. வழி சுருங்கியது உண்மைதான், ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: பணம் வேண்டுமென்றால் டேஃப் ஊழியர்களுக்குத் தனிநபர் வேலை ஒப்பந்தம், அதாவது சங்கம் இல்லாமல் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போடும் ஒப்பந்தம், தர முன்வர வேண்டும். வெல்டிங் சொல்லித்தரும் ஆசிரியர் தன் தொழிற்சங்கம் மூலம் சம்பளம் பேசுவதற்கும், பட்டறையில் மாணவன் கற்றுக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம்? அடுத்த மார்ச்சில், இதே தனிநபர் ஒப்பந்தங்களுக்கு நாடு முழுக்க வழிவிட்ட வொர்க்சாய்சஸ் தொழிலாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த நிபந்தனை எங்கே போகிறது என்று தெளிவாகப் புரிந்தது.

என் ஓட்டு ஆன்டாவுக்கே. 2008-இல் புதிய தனிநபர் ஒப்பந்தங்களை அடுத்த அரசு நிறுத்தியது, கலைத்த ஆணையத்தை மட்டும் யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை.