டர்பன் கடற்கரை: நடக்க முழு மதிப்பெண், குளிக்கக் கொடியைப் பார்க்கணும்

உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூனில் தொடங்கி, தெற்கே உஷாகா கடல் பூங்கா வரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதை ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடுகிறது. நடப்பதற்கு இதற்கு இணையான இடம் நகரில் வேறில்லை. மேடுபள்ளம் கிடையாது, சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டியும் தடையில்லாமல் உருளும். சைக்கிள்காரர்களும் இதே பாதையில் வருவதால் சின்னப் பிள்ளைகளின் கையை விட்டுவிட வேண்டாம். விடிந்ததும் வந்துவிடுங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

குளிப்பதுதான் வேறு கதை. நகரின் புறப்பகுதிகளான சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கமிருந்து பிரியாணிச் சட்டியோடு குடும்பமாக வருகிறவர்கள் நிழல் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை. உயிர்காப்பாளர்கள் கண் வைத்திருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நீரை மட்டும். கடல் மாற மாற கொடிகளும் இடம் மாறும், காலையில் குளித்த இடம் மதியம் வெளியே போயிருக்கலாம். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் கணுக்காலளவு தண்ணீர்கூட வேண்டாம்.

இங்கே ஆளை விழுங்குவது அலையல்ல, திரும்பிப் போகும் நீர். மணல் திட்டைத் தாண்டி வந்த தண்ணீர் ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு ஓடும். நடைபாதையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் கலங்கலாக, அலையே இல்லாமல் கிடக்கும். பழக்கமில்லாதவர்கள் அமைதியான இடம் என்று நேராக அங்கேதான் இறங்குகிறார்கள். கடலுக்குள் நீளும் பாலத்தூண்களை ஒட்டி இது எப்போதும் எதிர்பார்க்க வேண்டியது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். மிதந்துகொண்டே ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி அலை உடையும் இடத்துக்கு வாருங்கள்.

1989 நவம்பரில்தான் நாட்டின் கடற்கரைகள் எல்லா மக்களுக்கும் உரியவை என்று அப்போதைய அதிபர் டி கிளர்க் அறிவித்தார். நல்ல கரைகள் அதுவரை வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்டு நமக்கு எட்டாமல் இருந்ததால், நம் வீட்டுப் பெரியவர்களில் அலையில் நீந்தக் கற்காதவர்கள் பலர். பேரப்பிள்ளைகளைத் தண்ணீரில் அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு வண்டிக்குப் போகாதீர்கள்.

சுறா வலைகள் 1952 முதல் இங்கே உண்டு. அவை கரையை மூடும் வேலி அல்ல. சுறா சுற்றியும் அடியிலும் வர முடியும், வலை அதன் எண்ணிக்கையைக் குறைக்கிறது, அவ்வளவே. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் வரும்போது வலைகளை எடுத்துவிடுவார்கள், அந்த நாட்களில் குளியல் இல்லை.

தெற்குக் கரைகளில் மணல் சில நேரம் செங்குத்தாக அரித்துக் கிடக்கும். கடல் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிவரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் மறித்துக்கொள்கின்றன. தோண்டியெடுத்த மணலைக் குழாய் வழியே இந்தப் பக்கம் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. பாய்ச்சல் தாமதமானால் கரை சரிந்து, அலை காலடியிலேயே வந்து உடையும். முதியவர்களுக்கு அது ஆகாது.

பெரிய குறை நீரின் தூய்மை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் அமைப்புகள் உடைந்து கரைகள் மூடப்பட்டதை யாரும் மறக்கவில்லை. பெருமழை பெய்தால் மூன்று நாளாவது விட்டுவிடுங்கள், அதிலும் ஆற்று முகத்துக்கு அருகே கூடவே கூடாது. நகராட்சியின் நீர்ப் பரிசோதனை முடிவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குக் காற்று விடாமல் அடித்தால் நீலச் சொறிமீன்கள் கரையொதுங்கும். பட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, தோலில் ஒட்டிய அதன் நூல் போன்ற கொடுக்கை எடுத்துவிட்டு, தாங்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள்.

கம்பத்தில் தொங்கும் இளஞ்சிவப்பு மிதவையைக் கண்டால் அதன் பலகையை ஒரு முறை படித்து வையுங்கள். 2017 முதல் தேசியக் கடல் மீட்பு நிறுவனம் இவற்றை வைத்துவருகிறது. யாராவது மூழ்கினால் முதலில் உதவிக்கு அழையுங்கள், எண் 087 094 9774, கைபேசியில் 112ம் போகும். பிறகு மிதவையை அவரை நோக்கி எறியுங்கள். வேறு வழியே இல்லாமல் நீரில் இறங்குவதானால் மிதவை இல்லாமல் இறங்காதீர்கள். பயன்படுத்தியதும் அதே கம்பத்தில் மாட்டிவிடுங்கள்.