பெரிய எழுத்து வேதாகமம்: யாங்கோனில் மூன்று மாதம்

யாங்கோனில் எங்கள் சபைப் பெண்களுக்கு வியாழக்கிழமை வேதபாடம் நடத்துகிறவள் நான். எட்டுப் பேர் வருவோம். சென்னைக்குப் போன தம்பி மனைவியிடம் சொல்லி, ஜிப் உறை போட்ட பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் இரண்டு வாங்கி வரச் சொன்னேன்.

எழுத்து அருமை. எழுபது தாண்டிய பாட்டி ஒருவர் கண்ணாடியைத் தேடாமல் ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரத்தைத் தானே வாசித்தார். மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று ரூத் சொல்லும் 16ஆம் வசனம் வந்ததும் நிறுத்திவிட்டு, தன் மாமியார் கதையை அரை மணி நேரம் சொன்னார். நான்கே அதிகாரம்தான், எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது!

இயேசு பேசியதெல்லாம் சிவப்பு மையில். பகலில் அழகு. கரண்ட் போய் சார்ஜ் விளக்கை வைத்தால் அந்த வரிகள்தான் முதலில் மங்குகின்றன. லூக்கா 15 ஏறக்குறைய முழுவதும் சிவப்பு. அதில் இயேசு சொல்லும் கதையில் கெட்ட குமாரன் வீடு திரும்புவதற்குள் எங்களுக்குக் கண் வலித்துவிட்டது. தாளும் மெலிசு, பேனாவால் கோடு போட்டால் மறுபக்கம் தெரிகிறது. பென்சில்தான் சரி. ஜிப் இரண்டாவது மாதமே பல் விட்டது.

இளம் பெண்களுக்கு இது உதவாது. தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. அவர்கள் போனில் பர்மிய வேதாகமம், அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் மொழிபெயர்த்து முடித்தது. நான் தமிழில் ஒரு வசனம், அவர்கள் பர்மியத்தில் அதே வசனம் என்று ஓட்டுகிறோம்.

இன்னும் இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன், ஜிப் இல்லாததாக.