ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்கில் டேப்பிங்: ஒன்றரை வருடத்துக்குப் பின்

குடியாத்தம் பக்கத்து மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி: "அண்ணே, ஃபிளாட் போட்டா டேப்பிங் வருமா?" வரும். ஆனால் இருப்பதிலேயே தடித்த இ ஸ்ட்ரிங் உயிரை வாங்கும். நாலு ஸ்ட்ரிங் (தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி), 34 அங்குல ஸ்கேல் பேஸ் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

டேப்பிங்கில் மீட்டுவதே கிடையாது. விரல் ஸ்ட்ரிங்கை, நெக்கில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிமேல் அடிக்கும் அடிதான் ஓசை. அந்த அடியின் தெளிவெல்லாம் ட்ரெபிளில், அதாவது உயர் அதிர்வுகளில், இருக்கிறது. ஃபிளாட்டின் மேல்சுற்று உருண்டைக் கம்பி இல்லை, பட்டை ரிப்பன். அடுத்தடுத்த சுற்றுகள் நெருங்கி உரசுவதால் முதலில் சாவது அந்த ட்ரெபிள்தான். ஜி-யில் இது தெரியாது, டி-யில் சமாளித்துவிடலாம், ஏ மங்கும். இ-யில், அதுவும் ஐந்தாம் ஃபிரெட்டுக்குக் கீழே, 'தொப்' என்று ஒரு சத்தம். சுரம் எது என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. பலமாக அடித்தால் தொப் பெரிதாகுமே தவிர சுரம் பெரிதாகாது.

இதைவிட எரிச்சல் புல்-ஆஃப்: அடித்த விரலை இழுத்துவிட்டே அடுத்த சுரத்தை எழுப்புவது. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்டில் விரல் சதை வரிகளில் பிடித்து இழுக்கும். ஃபிளாட்டில் வழுக்கிவிடும், இரண்டாவது சுரம் பாதிச் சத்தம்தான். விரலை நேராக மேலே தூக்காமல் தரையைப் பார்த்து இழுக்க வேண்டும். நுனிச் சதை, நகத்தை ஒட்டிய இடம் படவேண்டும். அடி ஃபிரெட்டை ஒட்டியே விழ வேண்டும். நடுவில் விழுந்தால் ஃபிளாட் மன்னிக்காது.

பாதிக் குறை செட்டப்பில் தீரும். அதே 45–105 தடிமனிலும் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) பெரும்பாலான ஃபிளாட் செட்டுகள் ரவுண்டைவிட இறுக்கம் கூடியவை. மாற்றிய மறுநாள் நெக் முன்னால் வளைந்து ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் உயரம்) ஏறியிருக்கும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டில் விரல். எட்டாம் ஃபிரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடைவெளி 0.25 மி.மீ. போதும். கூடுதலாக இருந்தால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடை எட்டில் ஒரு சுற்று வலப்பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அளக்கவும். அளக்க, பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ணும் ஃபில்லர் கேஜே போதும். (டேப்பட் கேஜில் டேப்பிங். சரி, விடுங்கள்.) பிறகு பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இ 1.8, ஜி 1.5 மி.மீ. உயரம். ஃபிரெட்டுகள் சமமாக இல்லாத பேஸில் இவ்வளவு இறக்கினால் கரகரக்கும்.

மாட்டும்போது நடக்கும் தப்பு ஒன்று: நீளத்தை அப்படியே வெட்டிவிடுவது. முதலில் 90 டிகிரி மடக்கி, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் சுற்று உள்ளே நழுவி ஸ்ட்ரிங் செத்த மாதிரி ஒலிக்கும். உடல் வழியாகக் கோக்கும் பேஸ் என்றால் அதை விட்டுப் பிரிட்ஜ் வழியாகவே மாட்டுங்கள். கூர்மையான வளைவில் ரிப்பன் விரிசல் விடும். பழைய ரவுண்டை வெந்நீரில் போட்டு உயிர்ப்பிக்கும் வித்தை ஃபிளாட்டுக்கு ஆகாது. உள்ளே போன ஈரம் துருவாகும்.

அடிக்காத ஸ்ட்ரிங்குகள் முனகாமல் இருக்க நெக்கின் தலைப்பக்கம் இருக்கும் நட்டுக்குப் பக்கத்தில் ஹேர் பேண்ட் போடுவார்கள். நம்ம ஊரில் அதைவிட நல்லது இருக்கிறது: ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்குள் வைக்கும் மெல்லிய லைனிங் தோல். இரண்டு விரல் அகலத் துண்டை மேலும் கீழுமாக நுழைத்தால் போதும். பேஸில் டோன் முழுக்கத் திறந்து, பிரிட்ஜ் பிக்கப்பைக் கூட்டி, ஆம்பில் 800 ஹெர்ட்ஸ் முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரை நாலைந்து டெசிபல் ஏற்றி, 100-க்குக் கீழே இறக்கவும். சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர் 4:1.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. சறுக்கும்போது அந்த 'கீச்' இல்லை. சர்ச் பாடகர் குழுவோடு அமைதியான பாட்டில், எண்பதுகளின் திரைப்பாட்டு பேஸில் அந்த வழவழப்புக்கு ஈடே கிடையாது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும் வேலூரில், வரிகளில் அழுக்கு அடைந்து ரவுண்ட் மந்தமாகும் வேகத்தில் ஃபிளாட் மந்தமாவதில்லை. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஃபிரெட்டும் மெதுவாகத்தான் தேயும்.

டேப்பிங்குக்காகவே ஃபிளாட் வேண்டுமென்றால் தோமாஸ்டிக் ஜே.எஃப் 344: 43-56-70-100, இறுக்கம் குறைவு, விரல் சொன்னபடி கேட்கும், விலை கடிக்கும். பளிச்சென்ற ஒலிக்கு டடாரியோ குரோம்ஸ் 45-100. லா பெல்லா 760எம், 52-110, மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் கனத்த ஒலிக்குப் பேர்போனது. டேப்பிங்கில் அது கம்பி இல்லை, கடப்பாரை. ஜி, டி மட்டும் ரவுண்ட் போடும் கலவையும் உண்டு; இடையில் குரல் மாறுவது காதில் உறுத்தும்.

ஆகவே தம்பி, டேப்பிங்தான் உன் பிழைப்பு என்றால் ஃபிளாட் வாங்காதே. என் பேஸிலிருந்து அதைக் கழற்றச் சொன்னால் மட்டும் கழற்ற மாட்டேன்.