கியர் ஆயில் மாற்றியபின் சத்தமா? மட்டம் பார்ப்பதா, மறுபடி மாற்றுவதா, ஃப்ளஷ் செய்வதா

காரின் ஆட்டோ (தானியங்கி) கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றிவிட்டு வந்த மறுநாள் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மட்டத்தைப் பார்த்துவிடலாம் என்பார் ஒருவர். ஆயில் ஒத்துவரவில்லை, வடித்துவிட்டு வேறு ஊற்றலாம் என்பார் இன்னொருவர். மெஷின் போட்டு ஃப்ளஷ் செய்தால்தான் சரியாகும் என்று ஒரு கடை. ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் போதும் என்று பக்கத்துக் கடை. கடைசியாக ஒருவர் காரின் அடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு, ஓவர்ஹால்தான்" என்று சொல்லிவிடுவார். முதல் யோசனைக்குச் செலவு மிகக் குறைவு. கடைசி யோசனை, அதாவது பெட்டியை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது, பல ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியை விழுங்கும்.

இவற்றை ஒரே தட்டில் வைத்து ஒப்பிடக்கூடாது என்பது என் கருத்து. ஆயில் மாற்றும்வரை அமைதியாக ஓடிய பெட்டி, மாற்றியதும் சத்தம் போட்டால், முதல் சந்தேகம் செய்த வேலையின் மேல் விழ வேண்டும். பெட்டியின் மேல் விழுவது அதற்குப் பிறகுதான்.

முதலில் சத்தம் எதைத் தொடர்கிறது?

காரை நிறுத்தி, பார்க்கில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஊளை போன்ற சத்தம் எழுந்து, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால், சந்தேகம் பம்பின் பக்கம் போகிறது. பெரும்பாலான ஆட்டோ பெட்டிகளில் ஆயில் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். அதனால் கியர் எதில் இருந்தாலும் அது ஓடும். ஆயில் குறைந்து காற்றையும் சேர்த்து இழுத்தால் ஊளையிடும். ஆல்டர்னேட்டர் பேரிங் போனாலும் இதே போல் சத்தம் வரும் என்பதால், மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பிரித்துப் பார்க்கட்டும்.

ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால், கியர் மாறும் நொடியைக் கவனியுங்கள். அந்த நொடியில் சுருதி இறங்கினால் சத்தம் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்தது. எதுவும் மாறாமல் கார் வேகத்தோடு மட்டும் ஏறினால் அது வீல் பேரிங், டயர், அல்லது டிஃபரென்ஷியல். ஆயில் மாற்றிய வாரத்தில் அது வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். இதற்காக ஓட்டத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது வகை நடுக்கம். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது, சாலையில் போட்டிருக்கும் மேட்டுக் கோடுகள்மேல் ஏறியது போல் கார் அதிரும். எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைப்பது டார்க் கன்வெர்ட்டர்; அதன் லாக்-அப் கிளட்ச் வழுக்கிப் பிடிக்கும் அதிர்வு இது. ஆயிலின் உராய்வுக் குணம் பொருந்தாவிட்டால் வரும்.

'கடகட' என்று ஆடும் சத்தமாக இருந்தால் பெட்டியை விடுங்கள். ஆயில் மாற்றக் கழற்றிய அடிமூடியில் ஒரு கிளிப் குறைந்திருக்கும். இதை முதலில் பார்க்காமல் பெரிய வேலைக்குப் போகவே கூடாது.

சத்தத்தைக் கேட்க நல்ல இடம், வீவக (அரசு வீட்டுப் பேட்டை) பலமாடிக் கார் நிறுத்தத்தின் சரிவுப் பாதை. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஏறினால் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும். ஆனால் நிறுத்திய காரில் எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே குற்றம் என்பதால், நின்று பார்க்கும் சோதனையைச் சட்டென்று முடித்துக்கொள்ளுங்கள்.

மட்டம்: மலிவானது, ஆனால் அதிகம் தவறுவதும் இதுதான்

இப்போது வரும் பல கார்களில் கியர் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் கிடையாது. டொயோட்டாவின் பல பெட்டிகளில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு குழாய் நிற்கும். அதைக் கழற்ற ஆறு மில்லிமீட்டர் அறுகோணச் சாவி வேண்டும். ஆயில் இருக்க வேண்டிய உயரமே அந்தக் குழாயின் உயரம்தான். எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து எடுத்து, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது போல்ட்டைத் திறக்க வேண்டும். அதிகமாக இருப்பது குழாய் வழியே ஓடி, மெல்லிய சொட்டாகக் குறையும். அப்போது மூடினால் மட்டம் சரி. அந்தக் குழாயைத் திரும்பப் பொருத்த மறந்தால், மட்டம் பார்க்கிற சாக்கில் தேவையான ஆயிலும் சேர்ந்து வடிந்துவிடும்.

சூடுதான் இங்கே வில்லங்கம். பல டொயோட்டா பெட்டிகளுக்கு அந்தக் குறிப்பிட்ட சூடு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் மதிய வெயிலிலேயே 32 டிகிரியைத் தொட்டுவிடும். பிஐஇ விரைவுச்சாலையில் ஓடிவந்த காரின் ஆயில் 80, 90 டிகிரியில் இருக்கும். ஏழு லிட்டர் ஆயில் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் விரிகிறது. சூட்டில் மட்டம் பார்த்து மூடினால், ஆறியபின் அந்த 200 குறையும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்திருந்தால் இன்னும் குறையும். ஓடும்போது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயிலில் ஒரு பகுதி அடித்தட்டுக்கு இறங்கி, நிறைய இருப்பதுபோல் காட்டி, வெளியே ஓடிவிடும்.

எனக்குத் தம்பி மாதிரி பழகும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் இதே சிக்கலோடு வந்தார். "அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணினா ஊளையிடுது. ஒரு சவாரி முடிச்சதும் சத்தமே இல்ல. ஓவர்ஹால் பண்ணச் சொல்றாங்க" என்றார்.

"ஆயில் மாத்தப் போனப்போ கார் சூடா இருந்துச்சா?"

"நேரா ஏர்போர்ட்ல இருந்து போனேன். லஞ்ச் முடியறதுக்குள்ள வண்டியைக் கொடுத்துட்டாங்க."

குளிரில் சத்தம், சூட்டில் அமைதி: மட்டம் குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. காரை இரவு முழுக்கத் தெரிந்த ஒரு பட்டறையில் விட்டுவைத்து, காலையில் ஸ்கேனரைச் செருகி, ஆயில் சூடு 38 காட்டும்போது போல்ட்டைத் திறந்தார்கள். ஒரு சொட்டுகூட வரவில்லை. மேலே இருந்த துளை வழியாக ஊற்றத் தொடங்கி, அரை லிட்டர் போல உள்ளே போன பிறகுதான் குழாயில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. ஊளை அங்கேயே நின்றது. ஓவர்ஹாலுக்குக் கேட்ட தொகை அவருடைய பல வார வருமானம்.

இதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆயிலைக் கூட்டிவிடவும் கூடாது. அளவுக்கு மேல் இருந்தால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். பம்ப் நுரையை இழுத்தாலும் அதே ஊளைதான். பார்க்கும் முறையும் காருக்குக் கார் வேறு. டிப்ஸ்டிக் உள்ள பல ஹோண்டாக்களில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். ஆக, ஒரு காருக்குச் சரியான முறை இன்னொன்றில் பிழையாகிவிடும். உங்கள் மாடலுக்கு நிறுவனம் என்ன சூடு சொல்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

மட்டம் சரியாக இருந்தும் ஊளை தொடர்ந்தால், அடித்தட்டைக் கழற்றி ஃபில்டர் மாற்றிய காரா என்று பாருங்கள். ஃபில்டர் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டாலும், பழையது உள்ளேயே ஒட்டிக்கொண்டு மேலே புதியது ஏறியிருந்தாலும், பம்ப் காற்றைக் குடிக்கும்.

மறுபடி வடிப்பதா, ஃப்ளஷா?

நடுக்கம் என்றால் கேள்வி இங்கே வருகிறது. பில்லை எடுத்து எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று பாருங்கள். டொயோட்டாவில் டி-4 கேட்கும் பெட்டியும் டபிள்யூஎஸ் கேட்கும் பெட்டியும் வேறு வேறு. ஒன்றுக்கு மற்றது ஆகாது. ஹோண்டாவின் சாதாரண ஆட்டோவுக்கு டிடபிள்யூ-1, பிந்தைய சிவிடி (கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டோ சங்கிலியோ கொண்ட பெட்டி) பலவற்றுக்கு எச்சிஎஃப்-2. நிசான் சிவிடிகளில் மாடலைப் பொறுத்து என்எஸ்-2 அல்லது என்எஸ்-3. ஹூண்டாய், கியா ஆறு வேகப் பெட்டிகளுக்கு எஸ்பி-4. 'எல்லாக் காருக்கும்' என்று எழுதிய டின்னை என் காருக்கு நான் வாங்கமாட்டேன். நிறத்தைப் பார்த்து எந்த ஆயில் என்று முடிவு செய்யவும் முடியாது.

போல்ட்டைத் திறந்து வடித்தால் முழு ஆயிலும் வராது. கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் இருப்பது அங்கேயே தங்கும். ஏழு லிட்டர் பெட்டியில் மூன்று வந்தால், ஒருமுறை மாற்றும்போது புதிது 43 விழுக்காடுதான். நடுவில் கொஞ்சம் ஓட்டி இரண்டாம் முறை மாற்றினால் 67, மூன்றாம் முறை 81. ஃப்ளஷ் மெஷின் கூலர் குழாய் வழியாகக் கிட்டத்தட்ட முழுவதையும் மாற்றிவிடும். அதற்கேற்ப ஆயிலும் நிறையச் செலவாகும்.

சாதாரண ஆட்டோவில் லேசான நடுக்கம் மட்டும் என்றால், சரியான ஆயிலை வடித்து ஊற்றும் முறையில் இரண்டு தடவை மாற்றிப் பார்ப்பதே என் தேர்வு. பெட்டிக்கு அதிர்ச்சி இல்லை, ஒவ்வொரு தடவையும் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பல ஆண்டு ஆயிலே மாற்றாமல் ஓடிய பழைய காரை ஃப்ளஷ் பக்கம் கொண்டுபோகமாட்டேன். அதிலும் வெளி அழுத்தத்தால் தள்ளும் மெஷின் வேண்டவே வேண்டாம். கட்டாயம் செய்வதென்றால், பெட்டியின் சொந்த பம்பே ஆயிலைத் தள்ளும் வகை பரவாயில்லை.

சிவிடியில் தவறான ஆயில் போய்விட்டால் கணக்கு மாறுகிறது. அங்கே பெல்ட்டோ சங்கிலியோ புல்லியை (கப்பிச் சக்கரத்தை) பிடித்து நிற்பதே ஆயிலின் உராய்வுக் குணத்தை நம்பித்தான். வழுக்கத் தொடங்கினால் புல்லியின் முகத்தில் கோடு விழும், அதைச் சரிசெய்ய முடியாது. மெதுவாக நீர்த்துப்போகட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. ஓட்டாதீர்கள். இழுவை வண்டியில் கொண்டுபோய், ஒரே நாளில் முழுவதையும் சரியான ஆயிலுக்கு மாற்றுங்கள். இந்த ஒரு இடத்தில் முழு மாற்று முறையே மேல்.

பாட்டில் மருந்து? லாக்-அப் நடுக்கத்தை உராய்வை மாற்றும் மருந்து சில காரில் அடக்கும். பம்ப் ஊளைக்கு அது மருந்தே அல்ல. சிவிடியில் ஊற்றவே வேண்டாம்.

ஓவர்ஹால், ஹாஃப்-கட், அல்லது விட்டுவிடுவது

வடித்த ஆயிலையும் அடித்தட்டுக் காந்தத்தையும் நேரில் பாருங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறப் பசையாக ஒட்டுவது வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் துண்டு, சுருள், பளபளக்கும் செதில் இருந்தால் பேரிங்கோ கியரோ உண்மையாகவே போயிருக்கிறது. அப்போதுதான் இந்தப் பேச்சு.

சிங்கப்பூரில் இதைத் தீர்மானிப்பது சிஓஇயில் (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழில்) மீதி எத்தனை மாதம் என்பதே. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரை அதற்குமேல் புதுப்பிக்க முடியாது. கடைசி ஆண்டில் இருக்கும் அப்படிப்பட்ட காருக்குப் புது ஓவர்ஹால் வீண். ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் பெட்டி (பாதியாக வெட்டிய பழைய காரிலிருந்து எடுத்தது) மலிவு, ஆனால் அதன் வரலாறு யாருக்கும் தெரியாது. உத்தரவாதம் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். பத்தாண்டுக்கு உட்பட்ட காராக இருந்தால், ரிப்பேர் தொகையை உடனே பதிவு நீக்கினால் அரசிடமிருந்து கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடியோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுங்கள்.

எந்த வாசலுக்குப் போவது?

முதலில் வேலை செய்த அதே பட்டறைக்கு. அவர்களுக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு தந்தால்தான் பின்னால் பேச இடமிருக்கும். அப்புறம், காரின் உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்றால் ஏஜெண்ட், அதாவது காரை விற்ற அதிகாரபூர்வ விற்பனையாளர். வெளியே சர்வீஸ் செய்ததாலேயே உத்தரவாதம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். 2017 இறுதியில் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு பல கார் விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். ஆனால் வெளிவேலையால்தான் பழுது என்று தெரிந்தால் அந்தப் பழுதை மறுக்கலாம். காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் கடைகள் உண்டு. உத்தரவாதம் முடிந்த காருக்கு ஏஜெண்டைவிட நான் அவர்களையே நம்புவேன். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் கூலி குறைவு. ஆனால் சத்தம் திரும்ப வந்தால் சோதனைச்சாவடியில் இன்னொரு முறை நிற்க வேண்டும், சிங்கப்பூரை விட்டு வெளியேற விதி கேட்கும் முக்கால் டாங்க் பெட்ரோலோடு. இரண்டு மூன்று முறை போய்வரக்கூடிய வேலையை அங்கே தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டறை கையை விரித்தால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான சேவை வழக்குகளை எடுத்துக்கொள்கிறது. இரண்டாண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் பில்லில் 'கியர் ஆயில் சர்வீஸ்' என்று ஒரே வரி இருந்தால் அங்கே காட்ட எதுவும் இருக்காது. ஆயிலின் முழுப் பெயர், வெளியே வந்தது எத்தனை லிட்டர், உள்ளே போனது எத்தனை, மட்டம் பார்த்தபோது எத்தனை டிகிரி: இந்த நான்கையும் காசு கொடுக்கும் முன் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.