ஆக்ஸ் ரைடரும் போ ரைடரும்: லகோட்டா குதிரைப்படையோடு நெடுநாள் பழக்கம்

படை திரட்டிப் போரிடும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3' என்ற கணினி விளையாட்டுக்கு 2006-இல் வந்த 'தி வார்சீஃப்ஸ்' விரிவாக்கத்தில் 'சூ' என்ற பெயரில் அறிமுகமான தரப்பு, 2020-இல் வெளியான டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பில் லகோட்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடியின் பெயரைப் பெற்றது. இரண்டு பதிப்புகளிலும் பெரும்பாலும் இந்தத் தரப்பையே எடுத்து ஆடிவருகிறேன். அதன் குதிரைப்படையே அதற்குக் காரணம். குறிப்பாக, கோடரியுடன் பாய்ந்து வரும் ஆக்ஸ் ரைடர்.

ஆக்ஸ் ரைடரின் அடி பலமானது; அடி வாங்கும் திறன் அந்த அளவுக்கு இல்லை. எனவே அதை எங்கே அனுப்புவது என்பதைவிட எங்கே அனுப்பக் கூடாது என்பதை அறிந்திருப்பதே முக்கியம். எதிரியிடம் முன்வரிசையில் மஸ்கெட்டியர்கள் என்ற துப்பாக்கிக் காலாட்களும் அவர்களுக்குப் பின்னால் தொலைவிலிருந்து சுடும் ஸ்கர்மிஷர்களும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாக்கியபடியே முன்னேறும் கட்டளையைக் கொடுத்தால், குதிரைகள் முதலில் கண்ணில் படும் மஸ்கெட்டியரிடம் சிக்கி, துப்பாக்கி முனையின் கத்திக்கு இரையாகிவிடும். வெறும் நகர்வுக் கட்டளையில் வரிசையைச் சுற்றிக் கொண்டுபோய், ஸ்கர்மிஷர்களுக்கு அருகில் வந்த பிறகே தாக்கச் சொல்ல வேண்டும். போகும் வழியில் நாலைந்து குதிரைகள் விழத்தான் செய்யும். ஆனால் எஞ்சியவை சில நொடிகளில் பின்வரிசையைக் கலைத்துவிடும். பீரங்கிகளுக்கும் இதே வழிதான்.

எதிரியின் குதிரைப்படையை எதிர்கொள்ள வேண்டியது போ ரைடர். தொலைவிலிருந்து அம்பெய்து, துரத்தினால் பின்வாங்கி, திரும்பி மீண்டும் எய்யும் இந்த வில்வீரனோடு ஆக்ஸ் ரைடரைச் சேர்த்தால்தான் லகோட்டாவின் ஆட்டம் முழுமை பெறுகிறது. சில ஆக்ஸ் ரைடர்களை முன்னால் காட்டி, எதிரியின் குதிரைவீரர்களான ஹுஸார்களைத் துரத்தவிட்டு, காத்திருக்கும் போ ரைடர்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதே நான் அதிகம் நம்பும் உத்தி. கணினியே எதிராளி என்றால் ஏறக்குறைய எப்போதும் பலிக்கும். மனிதர்களிடம் ஓரிரு முறைதான்.

இந்த உத்திக்கு வரலாற்றிலும் ஒரு முன்னோடி உண்டு. 1866 டிசம்பர் 21 அன்று, இன்றைய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருந்த ஃபில் கியர்னி என்ற ராணுவக் கோட்டைக்கு அருகே, லகோட்டாக்களும் ஷையன், அரபாஹோ மக்களும் சிறு குழு ஒன்றைத் தூண்டிலாகக் காட்டி, அமெரிக்க ராணுவ அதிகாரி ஃபெட்டர்மனையும் அவருடன் வந்தவர்களையும் மலைமுகட்டைத் தாண்டி இழுத்து, 81 பேர் கொண்ட அந்தப் படையை முழுவதுமாக அழித்தார்கள்.

இந்தத் தரப்பு வீடு கட்ட வேண்டியதில்லை. மக்கள்தொகை வரம்பு தொடக்கத்திலேயே 200 ஆக இருக்கும். வீட்டுக்குச் செலவாகாத மரம், குதிரைப்படையை உருவாக்கும் கொரால் சீக்கிரம் எழ உதவுகிறது. ஆனால் மதில் கட்ட வழியில்லை. நம் குதிரைகள் வரைபடத்தின் மறுகோடியில் இருக்கும்போது எதிரி ஊருக்குள் புகுந்தால், கிராமத்தார் ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டருக்குள் ஒதுங்கும்வரை தடுக்க ஆளில்லை. அதனால் தாக்குதலை நீட்டிக்காமல், கிடைத்ததை அடித்துவிட்டுத் திரும்பும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. அருகிலுள்ள படைகளின் வேகத்தைக் கூட்டும் போர்த்தலைவனையும் கூடவே அழைத்துச் செல்வது அதற்குத்தான்.

ஆட்டம் நீண்டால்தான் சிரமம். மதிலும் கோட்டையும் பீரங்கியுமாக எதிரி நிலைகொண்டுவிட்டால் குதிரைகள் சுற்றிச் செல்ல இடமிருக்காது. அடர்ந்த காடுகள் உள்ள வரைபடங்களிலும் இதே நிலைதான். மரங்களுக்கிடையே குதிரைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரிசையாக வந்து விழும். அத்தகைய வரைபடங்களில் இப்போதெல்லாம் நான் காலாட்படையைத்தான் முதலில் எழுப்புகிறேன்.

துப்பாக்கி ஏந்திய ரைஃபிள் ரைடரைப் பற்றியும் ஒரு சொல். 1876-இல் அமெரிக்க ராணுவத்துடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் லகோட்டாக்களிடமும் ஷையன்களிடமும் ஹென்றி, வின்செஸ்டர் தொடர்சுடு துப்பாக்கிகள் இருந்ததை, 1980-களில் அங்கே நடந்த அகழாய்வில் கிடைத்த தோட்டாக் கூடுகள் உறுதிப்படுத்தின. ஆகவே இந்த வீரன் வெறும் கற்பனை அல்ல. ஆனால் மற்ற இரண்டு குழுக்களையும் விசைப்பலகையில் தனித்தனி எண்ணில் வைத்து நடத்துவதிலேயே என் இரு கைகளும் தீர்ந்துபோவதால், அவனை நான் அரிதாகவே உருவாக்குகிறேன்.