ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சர்க்கரைச் செயலி
இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை, ஒரே நாளுக்குள் சர்க்கரை ஏறி இறங்குவதைக் காட்டாது. மயிலாப்பூரில் வசிக்கும் என் தாயாரின் கையில் ஒட்டிய, சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாருடன் இணைந்த செயலி அந்தக் குறையைப் போக்குகிறது. சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 முதல் 180 மில்லிகிராமுக்குள் இருந்த நேரத்தையும், சராசரியை ஒட்டிச் சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்குகிறது எனச் சொல்லும் மாறுபாட்டுக் கெழுவையும் அது கணக்கிட்டுத் தருகிறது; இக்கெழு 36 விழுக்காட்டைத் தாண்டாதவரை சர்க்கரை நிலையாக இருப்பதாகக் கருதப்படும். காலை வெண்பொங்கலுக்குப் பின் செங்குத்தாக எழுந்த கோடு, அடை சாப்பிட்ட நாளில் மெல்ல ஏறியதைத் திரையில் கண்ட பிறகு, அவருக்கு யாரும் பத்தியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சென்சார் அளப்பது தோலடித் திசுநீரை என்பதால், சர்க்கரை வேகமாக மாறும்போது எண் சில நிமிடங்கள் பின்தங்கும். ஆகவே சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக வியர்த்து நடுங்கினால் விரல்நுனிச் சோதனை அவசியம். அறிக்கை தமிழில் வராதது பெருங்குறை. 14 நாளுக்கு ஒருமுறை சென்சார் மாற்றும் செலவும் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான்.